பிரித்துப் பார்ப்பதற்கு முன்

வாங்கி இரண்டரை வருஷம்கூட ஆகாத கார் நடுரோட்டில் நின்றுபோய், ரெக்கவரி வண்டி ஏறி, சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே காதில் விழும் முதல் வாக்கியம் அநேகமாக ஒன்றுதான்: "என்ஜினைப் பிரிச்சுப் பாத்தாதான் சார் சொல்ல முடியும்." சர்வீஸ் அட்வைசர் கூடவே ஒரு தாளை நீட்டுவார். பிரிக்க இவ்வளவு கூலி, திரும்பப் பூட்ட இவ்வளவு, வாரண்டியில் வராவிட்டால் அது உங்கள் கணக்கு என்று அதில் இருக்கும். பதற்றத்தில் நிற்கிறவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் யோசிக்கக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

சேதம் பெரிது, வண்டி புதிது, ஆகவே யாராவது பணம் தந்துதான் ஆகவேண்டும் என்பது பலரின் நினைப்பு. அப்படி நடப்பதில்லை. எவ்வளவு போனது என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. ஏன் போனது என்றுதான் கேட்கிறார்கள். உடைந்த ஒரே கனெக்டிங் ராடுக்கு ஒருவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும், இன்னொருவருக்குக் கையை விரிக்கும், மூன்றாமவருக்குக் கார் நிறுவனமே என்ஜினை மாற்றித் தரும். வாரண்டிப் புத்தகம், காப்பீட்டு பாலிசி, நுகர்வோர் சட்டம் ஆகிய மூன்றும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பதில் என்ஜினுக்குள்ளே இருக்கிறது. அதை யார் முன்னிலையில் திறக்கிறோம் என்பதில்தான் லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட பில்லின் விதி அடங்கியிருக்கிறது.

காரணங்களில் முதலாவது, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கார்கள் வெள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன வீடியோவை ஊரே பார்த்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. கணக்குத் தெரிந்தவர்கள் கேலி செய்திருக்கமாட்டார்கள்.

கணக்கு இதுதான். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு ஏறியபின் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. டீசலில் விகிதம் பதினாறுக்குப் பக்கத்தில் இருப்பதால் இடம் இன்னும் குறைவு, 1.5 லிட்டர் என்ஜினில் 25 மில்லிதான். காற்று என்றால் அந்த இடத்துக்குள் சுருங்கிக்கொள்ளும், தண்ணீர் சுருங்காது. அதற்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் ஏற வழியில்லை. ஆனால் பிஸ்டனுக்குக் கீழே சுழலும் கிராங்க் நிற்காது. நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் நொடிக்கு 30 தடவை அது பிஸ்டனை மேலே தள்ளுகிறது. இரண்டையும் இணைத்து நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைகிறது. ஹைட்ரோலாக் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான்.

காருக்குள் தண்ணீர் ஏறவில்லையே, கால்மிதிகூட நனையவில்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. காற்றை உறிஞ்சும் வாய் பல கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால், பானெட்டின் விளிம்பை ஒட்டி இருக்கிறது. எதிரே வரும் மாநகரப் பேருந்து கிளப்பும் ஒரு அலை போதும். நின்ற வண்டியை மறுபடி செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை அதைவிட ஆபத்து. ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது தண்ணீர் முட்டி என்ஜின் வெறுமனே பூட்டிக்கொள்ளலாம். அதுவரை பெரிய நஷ்டமில்லை. பக்கத்து சிலிண்டர் ஒன்று பற்றிக்கொண்டால்தான் அந்த விசை முழுவதும் ராடின் மேல் இறங்கும்.

இன்னொன்றும் நடக்கும். ராடு கொஞ்சமாக வளைந்த என்ஜின் சில சமயம் ஓடவும் செய்யும். தெரிந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிடுவார். மெலிதாக ஒரு தட்டல் சத்தம் இருக்கும். "ஓட ஓட சரியாயிடும்ணே" என்பார். சில வாரம் கழித்து நெடுஞ்சாலையில் அந்த ராடு முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இப்போது மழைக்காலம் முடிந்துவிட்டது, சாலை காய்ந்து கிடக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் இது வெள்ளச் சேதம் அல்ல, இயந்திரக் கோளாறு. இயந்திரக் கோளாறுக்குச் சாதாரண மோட்டார் பாலிசி பணம் தராது.

பாலிசியில் வெள்ளம், புயல் எல்லாம் ஈடு தரும் காரணங்களாகவே பட்டியலில் இருக்கின்றன. நிறுத்தி வைத்த கார் மூழ்கினால் சீட், வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டி, கழுவித் துடைக்கும் செலவு என்று கேட்டுப் பெறலாம். ஆனால் அதே பாலிசி விளைவுச் சேதத்தை விலக்கி வைக்கிறது. அதாவது, சம்பவத்தால் நேரடியாக வந்ததல்ல, அதன் தொடர்ச்சியாகப் பின்னால் வந்தது. தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால். ராடு வளைந்தது நீங்கள் வண்டியை இயக்கியதால் என்பது நிறுவனத்தின் வாதம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் என்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு தனியாக விற்கப்படுகிறது.

இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. "நான் ஜீரோ டெப் போட்டிருக்கேன் சார், பம்பர் டு பம்பர்" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். ஜீரோ டெப் செய்வது ஒரே வேலை. சாதாரண பாலிசியில் உதிரிபாக விலையில் தேய்மானம் கழிப்பார்கள்: ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி, உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயது ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் என்றால் 10 சதவீதம், இரண்டிலிருந்து மூன்று என்றால் 15. அந்தக் கழிவைத்தான் ஜீரோ டெப் நீக்குகிறது. பாலிசி ஏற்காத ஒரு காரணத்தை அது ஏற்கவைக்காது. ஷோரூமில் பாலிசி விற்கிற பையனுக்கே இந்த வித்தியாசம் தெரிகிறதா என்பது சந்தேகம். என்ஜின் ப்ரொடெக்ட் வாங்கியிருந்தாலும் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றபின் மறுபடி ஸ்டார்ட் செய்தால் தரமாட்டோம் என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு.

இரண்டாவது, எண்ணெய் வற்றி நேரும் சாவு. ஓடும்போது கிராங்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியை அழுத்தத்தோடு வரும் ஆயில் நிரப்பி, கிராங்கை மிதக்க வைக்கிறது. அழுத்தம் போனால் உலோகம் உலோகத்தில் உரசும். வேகத்தில் ஓடும் என்ஜின் பாழாகச் சில நிமிடங்கள் போதும்.

நம் ஊரில் அழுத்தம் போவதற்கு வழக்கமான வழி வேகத்தடை. வெள்ளைக் கோடும் இல்லாமல், பலகையும் இல்லாமல், தெருக்காரர்கள் சிமெண்ட் குழைத்துத் தாங்களே போட்ட மேடு. அதில் அடிவாங்கி, என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் விரிகிறது. ஆயில் சொட்டுகிறது. டேஷ்போர்டில் எண்ணெய்க் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விடலாம் என்று தோன்றும். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் சம்ப் மாற்றும் செலவு என்ஜின் மாற்றும் செலவாகிறது. விபத்தோ பழுதோ நேர்ந்தபின் சரிசெய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுக்க உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசியின் பொது நிபந்தனைகளிலேயே இருக்கிறது. சம்புக்குப் பணம் வரும், என்ஜினுக்கு வராது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டிச் சாவியை அணைப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் கிடையாது. மேம்பாலத்தின் நடுவில் என்றாலும்தான்.

இனி மேஜைக்கு வருவோம். பிரித்த என்ஜினின் பாகங்களை எண்ணெய் படிந்த துணி விரித்து வரிசையாக வைத்திருப்பார்கள். பழகிய கண்ணுக்கு அந்த வரிசையே ஒரு வாக்குமூலம். ராடு வளைந்திருக்கிறது, ஆனால் பேரிங் ஓடுகள் மங்கிய சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கின்றன என்றால், ஆயிலில் குறையில்லை, சந்தேகம் தண்ணீர் பக்கம் போகிறது. ராடு வளைந்தால் அதன் நீளம் குறைந்துவிடும். ஆகவே அந்த சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் ஏறி நிற்கும் கரிக்கோடு மற்றவற்றைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஏர் ஃபில்டரின் தாள் நனைந்து காய்ந்து நெளிந்திருக்கும், அதன் பெட்டியின் ஓரத்தில் சேறு படிந்திருக்கும். மாறாக, பேரிங் ஓடுகளின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது, கிராங்க் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது என்றால், ஆயில் வரவில்லை. அடுத்த கேள்வி, எல்லா பேரிங்கும் போயிருக்கிறதா, ஒன்று மட்டுமா என்பது. எல்லாம் போயிருந்தால் ஆயிலே குறைந்திருக்கலாம் அல்லது பம்ப் படுத்திருக்கலாம். மற்றவை நன்றாக இருக்க ஒன்று மட்டும் கருகியிருந்தால், அதற்குப் போகும் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது என்று தேட வேண்டும்.

அந்தத் தேடல்தான் மூன்றாவது காரணத்துக்கு, ஆலையிலேயே உண்டான குறைக்கு இட்டுச்செல்கிறது. இதில் உலகம் அறிந்த உதாரணம் ஹூண்டாயின் தீட்டா-2 என்ஜின். 2015 செப்டம்பரில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் சுமார் 4,70,000ஐத் திரும்ப அழைத்தது. அலபாமா ஆலையில் கிராங்கைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் ஆயில் துளைகளில் தங்கிவிட்டிருந்தன. வண்டி ஓட ஓட அவை ஆயிலோடு பேரிங்குக்குப் போய் அரித்தன. 2017இல் ஹூண்டாயும் கியாவும் மேலும் சுமார் 12 லட்சம் வண்டிகளை அழைக்க நேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷமே, நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பொறியாளர் கிம் க்வாங்-ஹோ, நிறுவனம் குறையைத் தெரிந்தே மறைக்கிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஆவணங்களோடு போயிருந்தார். 2020 நவம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அளவுக்கு அபராத உடன்படிக்கை ஆயிற்று. அடுத்த ஆண்டு கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

அந்தப் பெரிய தொகைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நடுவில் இருந்த வருஷங்களில் உரிமையாளர்கள் பட்ட பாடு. என்ஜின் தட்டிக்கொண்டு நின்றுபோனதும் அவர்களிடம் கேட்கப்பட்டது ஆயில் மாற்றிய ரசீது. ரசீதை வைத்திராதவர்களுக்குப் பராமரிப்புக் குறைவு என்ற பதில் வந்தது. பிறகு வந்த கூட்டு வழக்குச் சமரசத்தில் அந்த என்ஜின்களின் அடிப்பகுதிக்கு ஆயுட்கால வாரண்டி தரப்பட்டது. குறை ஆலையில் இருந்தாலும், காகிதம் இல்லாதவன் தலையில்தான் அது முதலில் விழுகிறது.

பழைய கதை என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. ஆலையில் மிச்சமான துகள்கள் என்ற அதே காரணத்தைச் சொல்லித்தான் 2024 மேயில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் டுண்ட்ரா, லெக்ஸஸ் வண்டிகளை அழைத்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி-8 என்ஜினில் கிராங்க், கனெக்டிங் ராடு குறைகளுக்காக அங்கே சுமார் 6 லட்சம் வண்டிகளை அழைத்தது. எல்லாம் சில வருஷ வயதே ஆனவை.

இந்தியாவிலும் 2021 ஏப்ரல் முதல், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளைக் குறை காரணமாகத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிட முடியும். என்ஜின் போனவர் முதல் வேலையாகத் தன் சேஸிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் பேச்சே வேறு.

ரீகால் இல்லையென்றால் வாரண்டி. பொருளிலோ செய்நேர்த்தியிலோ குறை இருந்தால் மாற்றித் தருவோம் என்பதே அதன் உறுதிமொழி. வெள்ளம், விபத்து, கலப்பட எரிபொருள், தவறிய சர்வீஸ் எல்லாம் வெளியே. வெளி மெக்கானிக்கிடம் ஒருமுறை ஆயில் மாற்றிவிட்டதால் மொத்த வாரண்டியும் போய்விட்டது என்று மிரட்டினால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனை கூடாது, வெளி வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்தத் தர்க்கத்தை எழுத்தில் வைத்துக் கேட்கலாம்: அந்த ஆயில் மாற்றத்துக்கும் இந்த பேரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

இனி, கையெழுத்துக்கு முன்னால். வாரண்டியில் வரும் என்று நம்பினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிட வேண்டும். வாரண்டியை நம்பி டீலரிடம் பிரிக்கச் சொல்லிவிட்டு, அது மறுக்கப்பட்டபின் காப்பீட்டுக்குப் போனால், சர்வேயர் பார்க்கும் முன்பே பிரித்துவிட்டீர்களே என்பார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மோட்டார் கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்தாக வேண்டும். அவர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். வாரண்டி என்றால் நிறுவனத்தின் ஏரியா சர்வீஸ் என்ஜினியர் முன்னிலையில் பிரியுங்கள் என்று கேட்கலாம்.

ஜாப் கார்டில் வாடிக்கையாளர் புகார் என்ற கட்டம் ஒன்று இருக்கும். பலர் அதை அட்வைசர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். "தண்ணீரில் ஓட்டியதால் என்ஜின் பூட்டிக்கொண்டது" என்று அவர் எழுதிவிட்டால், யாரும் பார்ப்பதற்கு முன்பே காரணம் முடிவாகி, கீழே உங்கள் கையெழுத்தும் விழுந்துவிட்டது. நடந்ததைச் சொன்னால் போதும்: எங்கே ஓடிக்கொண்டிருந்தது, என்ன சத்தம், எந்த விளக்கு எரிந்தது, எப்போது நின்றது. தண்ணீர் இருந்தால் இருந்தது என்று சொல்ல வேண்டியதுதான். மறைத்தால் மேஜையில் அந்த ஃபில்டர் காட்டிக்கொடுத்துவிடும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது அவர்கள் வேலை. பிரிக்கும் முன் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை அச்செடுத்து வாங்குங்கள். ஓடோமீட்டர், ஆயில் குச்சி, ஏர் ஃபில்டர், கதவில் தண்ணீர் ஏறிய கோடு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள். கழற்றிய பாகங்களை விவகாரம் முடியும்வரை ஸ்கிராப்பில் போடக்கூடாது என்று மின்னஞ்சலில் சொல்லிவையுங்கள். பேச்சில் சொன்னது எதுவும் மூன்று மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதம் பொறுத்து, பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கார் நிறுவனத்தோடு தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கேயே, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். பாகத்தைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. அதற்குத்தான் அந்தப் பாகம் ஸ்கிராப்புக்குப் போகாமல் இருக்க வேண்டும். புதுக் காரே வேண்டும் என்று அடம் பிடிப்பதில் பலன் குறைவு. ஒரு பாகத்தில் குறை என்றால் வாரண்டிப்படி அந்தப் பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் கடமை, முழு வண்டியை அல்ல என்று 2006இலேயே மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்ஜின், ஓடாத நாட்களுக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு என்று கேட்பவருக்கு வாய்ப்பு அதிகம். வண்டி வொர்க்‌ஷாப்பில் கிடக்கிற மாதங்களிலும் இ.எம்.ஐ. தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கும்.

எல்லாக் கதவும் மூடி, கைக்காசில்தான் செய்ய வேண்டும் என்று வந்தால், எஸ்டிமேட்டை ஒரே எண்ணாக ஏற்க வேண்டாம். முழு என்ஜினா, கிராங்கும் பிஸ்டனும் பூட்டி வரும் ஹாஃப் என்ஜினா, அல்லது கிராங்கைக் கடைந்து பேரிங் மாற்றினால் போதுமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு ராடு மட்டும் வளைந்து, பிளாக்கும் கிராங்கும் அளவில் சரியாக இருந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் சர்வீஸ் சென்டர்கள் அசெம்பிளியாக மாற்றவே விரும்பும். அவர்களுக்கு அது சுலபம், தாங்கள் கொடுக்கும் உத்தரவாதத்துக்கும் பாதுகாப்பு. பழைய என்ஜின் வாங்கிப் போடலாம் என்று சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. மலிவுதான். எந்த வண்டியிலிருந்து வந்தது, அதன் ஆர்.சி. ரத்தானதா என்பதற்குக் காகிதம் இல்லாமல் வாங்கினால், நாளைக்குப் போலீஸ் கேள்வி கேட்கும்.

புது பிளாக் போட்டாலும் பழையது போட்டாலும், என்ஜின் எண் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் இன்வாய்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். பாலிசியிலும் அந்த எண்ணை மாற்றி எண்டார்ஸ்மெண்ட் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கிளெய்மின்போது சர்வேயர் பானெட்டைத் திறந்து எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். சர்வீஸ் சென்டர் ஞாபகப்படுத்தும் என்று இருந்துவிட வேண்டாம். வண்டி கேட்டைத் தாண்டியதும் அவர்கள் ஜாப் கார்டை மூடிவிடுவார்கள்.